கேம் கதைகளும் அவற்றின் ரசிகர்களும்: கோத்தகிரியில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கொஞ்சம் பேர் கூடி, வீடியோ கேம்களில் வரும் கதைகளைப் பற்றிப் பேசுகிறோம். ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் பார்ப்பார்கள், அப்புறம் விவாதம் நடக்கும். கல்லூரிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், லீவுக்குக் கோவையிலிருந்து வீட்டுக்கு வரும் ஐடி ஆட்கள் என்று கலவையான கூட்டம். புதிதாக வருபவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கருத்துகள் என்னுடையவை. கூட்டத்தில் எல்லோரும் இவற்றை ஒத்துக்கொள்வதில்லை.

கேமில் கதை என்று ஒன்று இருக்கிறதா? சுடுவதும் ஓடுவதும்தானே?

சுடுவதும் ஓடுவதும் நிறைய உண்டு. கதையும் ரொம்ப நாளாகவே உண்டு. வில் க்ரௌதர் என்ற அமெரிக்க புரோகிராமர் 1976 வாக்கில் எழுதிய ‘கொலோசல் கேவ் அட்வென்ச்சர்’ படமே இல்லாத கேம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எதிரே என்ன இருக்கிறது என்று திரையில் எழுத்து வரும். வடக்கே போ, விளக்கை எடு என்று நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். க்ரௌதருக்குக் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பதில் பெரிய ஆர்வம். கென்டக்கியில் இருக்கும் மாமத் குகையின் ஒரு பகுதியை அப்படியே கேமுக்குள் கொண்டுவந்து, தன் மகள்கள் ஆடுவதற்காக எழுதினார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் அந்த கேமைப் பார்த்து மயங்கிப்போனார். அதை எழுதியவரைத் தெரியாது. அன்றைய நெட்வொர்க்கில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் ‘க்ரௌதர்’ என்ற பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பி ஆளைக் கண்டுபிடித்தார். அனுமதி வாங்கி, 1977இல் கதையை இன்னும் விரித்தார். ஒருவர் சொன்ன கதையை ரசித்த இன்னொருவர், கேட்டு வாங்கி நீட்டினார். ரசிகர் கலாச்சாரத்தின் நல்ல பக்கம் முழுவதும் எனக்கு இந்த ஒரு சம்பவத்தில் தெரிகிறது.

சினிமாவில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?

சினிமாவில் நாயகன் தப்பு செய்தால் அவனைத் திட்டலாம். கேமில் அந்தத் தப்பைச் செய்தது உங்கள் விரல்.

லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனை நாடு ஒன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் பாஸ்போர்ட் சரிபார்க்கும் அதிகாரி. வரிசையில் வருபவர்களின் தாள்களைப் பார்த்து முத்திரை குத்த வேண்டும். எத்தனை பேரைப் பார்த்து அனுப்புகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் கூலி. அதில்தான் வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு எல்லாம். தவறாக ஆளை உள்ளே விட்டால் முதல் இரண்டு முறை எச்சரிக்கை, அதற்குமேல் கூலியில் பிடித்தம்.

ஆரம்பத்திலேயே ஒரு கணவன் வருவான். அவன் தாள்கள் சரியாக இருக்கும். பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவான். அடுத்து வரும் மனைவியிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இருக்காது. எங்கள் கூட்டத்தில் கவுன்டர் வேலையில் இருக்கும் ஒரு அக்கா அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்தார். சிவப்பு முத்திரையை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் குத்திவிட்டார். "தாள் இல்லன்னா நான் என்ன பண்ண முடியும்?" என்றார், யாரும் எதுவும் கேட்காமலேயே. அடுத்த ஆள் வந்து நின்றும் அவர் மவுஸைத் தொடவில்லை. அந்தக் காட்சியைப் படமாக எடுத்தால் சில நிமிடம் ஓடும், கண் கலங்கும், அவ்வளவுதான். இங்கே முத்திரை அவர் கையில் இருந்தது.

டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) இதில் இன்னொரு படி மேலே போகிறது. அதில் எதிரே வரும் யாரையும் கொல்லாமலேயே முடிக்கலாம். ஒருவரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல், முன்பு சேமித்து வைத்த கட்டத்திலிருந்து திரும்ப ஆடி அவரைக் காப்பாற்றினால், முன்பு நீங்கள் செய்தது எனக்குத் தெரியும் என்று ஒரு பாத்திரம் உங்களிடம் சொல்லும். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

சில கேம்களில் கதையே புரிவதில்லையே. ‘டார்க் சோல்ஸ்’ ஆடுகிறவர்கள் மட்டும் எப்படி மணிக்கணக்கில் கதை பேசுகிறார்கள்?

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருந்து, இப்போது ஆளில்லாமல் கிடக்கும் ஒரு லயத்து வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று வையுங்கள். சுவரில் சாமி படம் மாட்டிய ஆணி, கரிபிடித்த அடுப்பு மூலை, கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் குறித்த கோடுகள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனாலும் ஒரு குடும்பம் உங்களுக்குத் தெரிந்துவிடும். 2011இல் வந்த ‘டார்க் சோல்ஸ்’ தன் கதையை இப்படித்தான் வைத்திருக்கிறது. ஒரு மோதிரத்தின் குறிப்பில் ஒரு வரி, ஒரு பிணம் கிடக்கும் இடம், ஒரு சிலை இருந்த வெற்றுப் பீடம்.

அதை இயக்கிய ஹிதேடகா மியாசாகி, சின்ன வயதில் பாதிதான் புரிந்த ஆங்கில மாயக் கதைப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அதே வேலையை இப்போது நம்மிடம் கொடுத்திருக்கிறார். தனியாக ஆடினால் கதை பாதிதான் கிடைக்கும். ஒருவர் மோதிரத்தைப் படித்திருப்பார், இன்னொருவர் பீடத்தைக் கவனித்திருப்பார். சேர்ந்து உட்கார்ந்து பேசும்போதுதான் கதை ஒன்றுகூடுகிறது. இதற்குத்தான் லோர் என்று பெயர். ‘லோர் பேசலாமா’ என்று யாராவது கேட்டால் அன்றைக்கு டீ இரண்டு ரவுண்டு போகும்.

மலையில் இருப்பவர்கள் முதலில் ஆட ஒரு கேம் சொல்ல முடியுமா?

‘ஃபயர்வாட்ச்’. 2016இல் வந்தது. 1989ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் வயோமிங் காட்டில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். ஹென்ரி என்ற நடுவயதுக்காரர் அங்கே காட்டுத்தீ பார்க்கும் வேலைக்கு வருகிறார். மனைவிக்குச் சின்ன வயதிலேயே மறதி நோய். அதைத் தாங்க முடியாமல் காட்டுக்கு வந்தவர். அவருக்குத் துணை என்று பார்த்தால் வேறொரு கோபுரத்தில் இருக்கும் டெலைலாவின் குரல், அதுவும் வாக்கி டாக்கியில் மட்டும். என்ன பதில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது நம் கையில்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து, தூரத்து மலையில் ஒரு கோடு புகை எழுந்தாலே இங்கே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். தீத்தடுப்புக் கோடு வெட்டப் போகிறவர்களையும் தீக்காவலுக்குப் போகிறவர்களையும் நமக்குத் தெரியும். அதனால் இந்த கேமில் புகையைப் பார்க்கும்போது நம் பார்வை வேறு மாதிரி இருக்கிறது. முடிவு சப்பென்று இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய சதி ஒன்று இருக்க வேண்டும் என்று ஹென்ரி விரும்புகிறார், கூடவே நாமும் விரும்புகிறோம். இருந்தால் சொந்தத் துக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம் அல்லவா? கேம் அந்தச் சலுகையைக் கொடுக்க மறுக்கிறது. அந்தத் துணிச்சலுக்காகவே அதைப் பரிந்துரைக்கிறேன்.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றி கேம் இருக்கிறதா?

இருக்கிறது. பெயரே ‘வெண்பா’. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா கேம் விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்று தேர்வானது. 1988இல் கனடாவுக்குப் போன வெண்பா, கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் நோட்டில் எழுத்துகள் அழிந்திருக்கும், பக்கங்கள் கிழிந்திருக்கும். விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இந்தக் கதை சும்மா கடந்து போகாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே தேயிலையில் வேலை பார்த்த குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு வீட்டுப் பையன் இந்த கேமை ஆடிக்கொண்டிருந்தபோது அவனுடைய அப்பாயி பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நுவரெலியா பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். இட்லித் தட்டுகளை அடுக்கும் இடத்தில் பையன் திணறினான். "குழிக்கு மேல குழி வராம திருப்பி வை சாமி, ஆவி போக வேணாமா?" என்றார். வைத்தான், சரியாக வந்தது. அப்புறம் புட்டுக் கட்டம் வந்தபோது அவனே கன்ட்ரோலரை ஓரமாக வைத்துவிட்டு, "எத முதல்ல போடணும் அப்பாயி?" என்று கேட்டான். அவர் புட்டைச் சொல்ல ஆரம்பித்து, தோட்டத்து வீட்டையும், இலங்கையிலிருந்து வந்ததும் மண்டபம் முகாமில் இருந்த நாட்களையும் சொல்லி முடிக்க இருட்டிவிட்டது. கேம் அதுபாட்டுக்குத் திரையில் காத்திருந்தது. ஆடத் தெரியாதவரிடம் இருந்த விடை ஆடுகிறவனுக்குத் தேவைப்பட்டது. இதை இவ்வளவு அழகாகச் செய்யும் இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை.

நம் நீலகிரிக் கதைகளை கேம் ஆக்கினால் என்ன? தோடர், குறும்பர் கதைகளில் மாயம் நிறைய இருக்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆர்வம் நல்லது. ஆனால் ‘மாயம்’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிற்க வேண்டும்.

குறும்பர்கள் சூனியம் வைப்பவர்கள் என்று மலையில் ரொம்ப காலமாக ஒரு பேச்சு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சந்தேகத்தை வைத்தே குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். இது பதிவான வரலாறு. இன்றைக்கு ஒருவர் லேப்டாப்பில் உட்கார்ந்து கேமின் கடைசிப் பெரிய வில்லனோடு நடக்கும் பாஸ் ஃபைட்டுக்கு ஒரு ‘குறும்ப மந்திரவாதி’யை வைத்தால், அந்தப் பழியைப் புதிய வண்ணத்தில் மறுபடி ஊருக்குள் விடுகிறார். அதேபோல, தோடர்கள் போர்த்தும் பூத்துக்குளி சால்வையின் சிவப்பு, கறுப்பு எம்பிராய்டரி 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெண்கள் நூலை எண்ணி எண்ணிப் போடும் வேலை அது. கேமில் ஏதோ ஒரு ‘பழங்குடி டிசைன்’ என்று அதை எடுத்து ஒட்டுவது சரியில்லை.

எப்படிச் செய்யலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அலாஸ்காவின் இன்யுபியாக் மக்கள் கதையை வைத்து 2014இல் வந்தது ‘நெவர் அலோன்’. நூனா என்ற சிறுமியும் ஒரு வெள்ளை நரியும் பனிப்புயல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போகும் கதை. அங்குள்ள பழங்குடி மக்களின் அமைப்பே முன்னின்று அதைச் செய்தது. கதையைச் சொல்லிவந்த முதியவர் இறந்துவிட்டதால், அவருடைய மகளைத் தேடிப்போய் அனுமதி வாங்கினார்கள். கதைசொல்லி பேசுவது அவர்கள் மொழியில். ஆடிக்கொண்டே போனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் பேசும் குட்டி வீடியோக்கள் திறக்கும். ஆக, முதலில் கோடிங் கற்றுக்கொள்ள வேண்டாம். கதைக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று போய்க் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இங்கே தோடர் மந்துகளிலும் குறும்பர் ஊர்களிலும் கேம் ஆடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களே செய்யும் நாள் வந்தால் இன்னும் நல்லது.

ஃபேண்டம் என்றால் நடிகர்களின் ரசிகர் மன்றம் மாதிரியா?

கொஞ்சம்தான். மன்றம் ஒரு ஆளைச் சுற்றி இருப்பது. ஃபேண்டம் ஒரு கதையைச் சுற்றி இருப்பது. கதை முடிந்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள். ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் ஆர்தர் கோனன் டாயில் சாகடித்தபோது வாசகர்கள் விடவில்லை. 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். நம் பக்கம் 1950 முதல் ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாரா வாரம் கிழித்து பைண்டிங் செய்து வைத்த வீடுகள் எத்தனை! ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று இன்னும் சண்டை ஓடுகிறது. 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு ஆரம்பித்த முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் இரண்டுக்கும் இருக்கும் வாசகர்கள் அசல் கீக் கூட்டம். விட்டுப்போன ஒரு இதழுக்காகப் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கேம் ரசிகர்களைப் பார்த்து ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ என்று சலித்துக்கொள்ளும் மாமாக்களின் பரணில் அந்த காமிக்ஸ் கட்டு இருக்கும், தேடிப் பாருங்கள்.

ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோமே?

உண்மைதான். 2014இல் ‘கேமர்கேட்’ என்ற பெயரில் கேம் உலகப் பெண்கள் பலருக்குக் கொலை மிரட்டல்கள் போயின. சிலர் வீட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. இதற்குச் சப்பைக்கட்டு கட்ட ஒன்றுமில்லை. கேமும் ரசிகர் உலகமும் ஆண்களின் இடம் என்று சொல்பவர்கள் வரலாறும் தெரியாதவர்கள். 1967இல் வந்த, ‘ஸ்டார் ட்ரெக்’ டிவி தொடரின் முதல் ரசிகர் இதழைத் தொகுத்தவர்கள் இரண்டு பெண்கள். ரசிகர்கள் தாங்களே கதை எழுதும் ஃபேன்ஃபிக் பழக்கத்தை வளர்த்ததில் பெரும் பங்கு பெண்களுடையது.

கோபத்தை வேறு மாதிரியும் காட்டலாம். 2012இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ முடிவு பிடிக்காமல் ரசிகர்கள் கொதித்தார்கள். மூன்று கேம்களாகத் தாங்கள் எடுத்த முடிவுகளுக்குக் கடைசியில் மதிப்பே இல்லை என்பது அவர்கள் வருத்தம். அந்தப் போராட்டத்தோடு சேர்த்தே, நோயாளிக் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்குப் பணமும் திரட்டினார்கள். அதே ஆண்டு ஜூனில் முடிவை விரிவாக்கி இலவசமாகவே வெளியிட்டது அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம். ஆனாலும் எழுதியவர்கள் அழுத்தத்துக்கு வளைந்தது சரியா? எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிடிக்காத முடிவைத் திட்டலாம், வேறு முடிவு நாமே எழுதலாம். மாற்று என்று அதட்டும்போது கதை யாருடையது என்பதை மறந்துவிடுகிறோம்.

காஸ்ப்ளே செய்கிறீர்களா?

கதையில் வருபவர்களைப் போல உடையும் கவசமும் போட்டுக்கொள்வதுதான் காஸ்ப்ளே. சிலர் செய்கிறார்கள். 2024இல் சென்னையில் காமிக்ஸ், கேம் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா ஆரம்பித்த பிறகு ஆர்வம் கூடியிருக்கிறது. ஃபோம் ஷீட், பழைய யோகா மேட், ஹாட் க்ளூ, டெய்லர் அண்ணனின் பொறுமை இருந்தால் கவசம் தயார். சாரல் நாளில் பெயின்ட் காய ரொம்ப நேரம் பிடிக்கும், முன்கூட்டியே அடித்துவிடுங்கள். இன்னொரு சமூகத்தின் உடையை வேஷமாகப் போட வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

பிள்ளை இதிலேயே மூழ்கிவிட்டால்?

பெற்றோரின் பயம் நியாயமானது. உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறைய நேரம் ஆடுவதை மட்டும் வைத்து அதைச் சொல்வதில்லை. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டம் முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாத காலம் நீடிப்பது என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி, பக்கத்தில் உட்கார்ந்து என்ன கதை என்று கேளுங்கள். வயது அடையாளத்தையும் பாருங்கள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ அருமையான கதைதான், ஆனால் ஐரோப்பிய முறைப்படி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. எங்கள் கூட்டத்தில் சிறுவர்கள் இருக்கும்போது அதை ஓடவிடுவதில்லை.

நெட் மெதுவு, நல்ல கம்ப்யூட்டரும் இல்லை. கதையாவது எழுத முடியுமா?

தாராளமாக. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ மாதிரி 100 ஜிபிக்கு மேல் இருக்கும் கேமை மழைக்காலத்தில் இறக்க ஆரம்பித்தால் கரண்ட் போய்ப் போய் வரும். ஆனால் ‘அண்டர்டேல்’, ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ எல்லாம் பழைய லேப்டாப்பில் ஓடும், அளவும் சின்னது.

எழுதுவதற்கு ‘ட்வைன்’ போதும். க்றிஸ் க்ளைமஸ் 2009இல் உருவாக்கிய இலவசக் கருவி. ஒரு பெட்டியில் ஒரு பத்தி, அதிலிருந்து கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பெட்டி. தமிழ் யூனிகோடில் அப்படியே அடிக்கலாம். முடித்ததும் ஒரு ஃபைலாகக் கிடைக்கும், பிரவுசரில் நெட் இல்லாமலே திறக்கும். எங்களில் ஒரு மாணவி, பச்சைத் தேயிலையை எந்த ஃபேக்டரிக்குக் கொடுப்பது என்று தினம் முடிவெடுக்கும் ஒரு சிறு விவசாயியின் கதையை இதில் எழுதிக்கொண்டிருக்கிறார். நல்ல விலை தருகிறவர் பணத்தை இழுத்தடிப்பார், உடனே தருகிறவர் விலையைக் குறைப்பார். இரண்டு கிளையிலும் பள்ளிக் கட்டணம் கட்டும் நாள் வந்துவிடும். நானும் ஆடிப் பார்த்தேன், இரண்டு வழியிலும் தப்பிக்க முடியவில்லை. அதன் மூன்றாவது கிளையை என்ன செய்வது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கேமும் ஆடியதில்லை. வரலாமா?

வாருங்கள். பார்ப்பதற்கும் பேசுவதற்கும் கன்ட்ரோலர் பிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஸ்பாய்லர் விஷயத்தில் மட்டும் ஒரு கட்டுப்பாடு: முடிவைச் சொல்வதற்கு முன் அறையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும், ஒருவர் வேண்டாம் என்றாலும் சொல்லக்கூடாது. மாலை 5 மணிக்கு முடித்துவிடுவோம். தோட்டத்து வழியில் நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், இருட்டினால் கரடியும் காட்டெருமையும் இறங்கிவிடும். டார்ச் கொண்டுவாருங்கள்.